பொம்மைப் படையும் ஒரு பக்க விதியும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த வகுப்புப் பிரதிநிதி, "சிவில்லேர்ந்து மழைநீர் சேகரிப்பு பத்தி யாராவது எழுதுங்களேன்" என்றார். மழைநீர் சேகரிப்பு பற்றி எழுத எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். போன வருட மலரிலும் அது இருக்கிறது. ஆகவே நான் ஒரு வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிற வேறொரு விஷயத்தை எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். விளையாட்டு விஷயம்தான். ஆனால் இதில் கணக்கும் உண்டு, நம் பாடமும் உண்டு.

மேசைப் போர் விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய மேசையிலோ தரையிலோ குன்று, ஆறு, ஊர், காடு எல்லாம் வைத்து ஒரு களம் அமைப்பார்கள். விரல் உயரச் சிப்பாய் பொம்மைகளை இரண்டு படையாக நிறுத்துவார்கள். சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. ஒரு படை எவ்வளவு தூரம் நகரலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்பதையெல்லாம் டேப் வைத்து அங்குலத்தில் அளப்பார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் இதற்கென்றே கடைகளும் பத்திரிகைகளும் கண்காட்சிகளும் இருக்கின்றன. பொம்மைகளின் விலை நமக்கு எட்டாது, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நான் பேச வந்தது விதிகளைப் பற்றி.

ஹாஸ்டலில் மெக்கானிக்கல் சீனியர் அக்கா ஒருவர் இந்த விளையாட்டின் விதிப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய மாமா பையன் கொடுத்தது. செங்கல் கனம் இருக்கும். ஆசையாகத் திறந்தேன். பத்துப் பக்கம் போவதற்குள் முதல் செமஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். வகுப்பில் 'அஸ் யூ நோ' என்று ஆரம்பிப்பார்கள், அதாவது 'உங்களுக்குத் தெரிந்தபடி'. எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான், யாரைப் போய்க் கேட்பது? அந்தப் புத்தகமும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு விதியும் இன்னொரு விதியைக் கைகாட்டியது. 'இது நமக்கில்லை' என்று மூடி அக்காவிடமே கொடுத்துவிட்டேன்.

பிறகு லைப்ரரி கம்ப்யூட்டரில் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய கதைகளைத் தேடும்போது, 'லிட்டில் வார்ஸ்' என்ற அவருடைய சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. 1913இல் வந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசமாகப் படிக்கலாம். காலயந்திரக் கதை எழுதிய அதே வெல்ஸ்தான், வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி விளையாடியதை எழுதியிருக்கிறார். 12 வயது முதல் 150 வயது வரை உள்ள பையன்களுக்கான விளையாட்டு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார். பையன்கள் விளையாட்டில் ஆசையுள்ள, கொஞ்சம் புத்திசாலியான பெண்களும் விளையாடலாமாம்! அந்தக் கொஞ்சம் புத்திசாலியில் என்னையும் சேர்த்துக்கொண்டு மேலே படித்தேன்.

வெல்ஸின் விதிகளை நான் நோட்டில் எழுதிக்கொண்டபோது முக்கியமானவை ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. காலாள் ஒரு முறைக்கு 1 அடி நகரலாம், குதிரை 2 அடி. பீரங்கி ஒரு முறையில் நகரலாம் அல்லது சுடலாம், இரண்டும் கூடாது. சுட்டால் 4 குண்டு வரை சுடலாம். பகடையே இல்லை. பொம்மைப் பீரங்கிக்குள் ஸ்பிரிங் இருக்கும், அது ஓர் அங்குல நீள மரத்துண்டை எறியும். அது பட்டு எந்தச் சிப்பாய் விழுகிறானோ அவன் செத்தான். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. இரண்டு படை நெருங்கிக் கைகலந்தால் பொதுவாக ஆளுக்கு ஆள் கழித்துக்கொள்ள வேண்டியது. தனியாக மாட்டிக்கொண்ட சின்னப் படையைக் கைதியாகப் பிடிக்கவும் வழி உண்டு.

இன்னொரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேரக் கட்டுப்பாடு. 30 ஆளுக்கு 1 நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு 1 நிமிடம் என்று கணக்கு. 110 ஆளும் 3 பீரங்கியும் உள்ளவனுக்கு 7 நிமிடம். அதற்குள் நகர்த்தி, குறிபார்த்து, சுட்டு முடிக்க வேண்டும். நேரம் முடிந்தால் நகராத படை நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தளபதியின் பதற்றம், ஒரு மூலையைக் கவனிக்கும்போது இன்னொரு மூலையை மறந்துபோவது, போய்ச் சேராத உத்தரவு எல்லாம் தனித்தனி விதி எழுதாமலே வந்துவிடுகின்றன.

அதைவிட ஆச்சரியம், அவர் விட்டுவிட்டது. வெல்ஸின் விளையாட்டில் காலாட்படை துப்பாக்கியே சுடாது! 1913இல், அடுத்த வருடமே உலகப்போர் வரப்போகிற காலத்தில், துப்பாக்கி சுடாத சிப்பாய். நிஜமா என்று கேட்டால் நிஜம் இல்லைதான். ஆனால் நம் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'உராய்வைக் கணக்கில் கொள்ள வேண்டாம்', 'பீமின் சொந்த எடையை விட்டுவிடுக' என்று எத்தனை கணக்கு இருக்கிறது! உலகத்தில் உராய்வு இல்லாத சாய்தளம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் நாம் விசையைப் புரிந்துகொண்டோம். எதை விடலாம் என்பது கணக்குக்குக் கணக்கு மாறும் என்பதும் நமக்குத் தெரியும். மெக்கானிக்ஸ் வகுப்பில் பீமின் எடையை விட்டவன் கான்கிரீட் டிசைனிலும் விட்டால் கட்டடம் தலையில் விழும்.

வெல்ஸுக்கு முன்பே இது ராணுவ அதிகாரிகளின் படிப்பாக இருந்தது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கத்தைப் பெரிதாக்கி ஒரு போர் விளையாட்டு செய்தார். சதுரங்கமே நம் நாட்டு யானை, தேர், குதிரை, காலாள் படைதான் என்பதால் இதில் நமக்கும் தூரத்து உறவு உண்டு. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் கட்டங்களையே தூக்கிப்போட்டுவிட்டு, நிஜ வரைபடத்தின் மேல் விளையாட விதி எழுதினார். வரைபட அளவுகோல் 1:8000. சர்வே படித்த நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. 1 செ.மீ. என்றால் 80 மீட்டர். ஒரு முறை என்பது 2 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. நடக்கிறவன் 2 நிமிடத்தில் சுமார் 167 மீட்டர் போவான், வரைபடத்தில் 2 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். உத்தரவை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, இத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்வார்.

அட்டவணை பார்த்துப் பார்த்து அதிகாரிகளுக்கு அலுத்துப்போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, அட்டவணையெல்லாம் எதற்கு, அனுபவசாலியான நடுவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். விதி கிட்டத்தட்டப் பூஜ்யம். இதைப் படித்தபோது முதலில் 'ஆஹா, இதைவிட எளிமை உண்டா' என்றுதான் நினைத்தேன். அன்று இரவே அந்த எண்ணம் மாறிவிட்டது.

ஏன் மாறியது என்று சொல்கிறேன். விதி எங்கேயும் போகவில்லை. தாளிலிருந்து நடுவர் மண்டைக்குள் போய்விட்டது. போரில் இருந்து வந்த அதிகாரிக்கு அது பிரச்சினையே இல்லை, அவருக்கும் நடுவருக்கும் ஒரே அனுபவம். புதிதாக வந்த ஆளுக்கு? 'என் படை ஏன் பின்வாங்கியது' என்று அவன் கேட்டால், 'அப்படித்தான்' என்பதுதான் பதில். சரிபார்க்க அவன் கையில் ஒன்றும் இல்லை. நம் கல்லூரி வாழ்க்கையிலேயே இந்த மாதிரி எத்தனை விதி! போனஃபைட் சர்ட்டிபிகேட் வேண்டுமானால் யாரிடம் முதலில் லெட்டர் கொடுப்பது, வைவாவில் தெரியாத கேள்வி வந்தால் எப்படிச் சொல்வது, ரெக்கார்டு நோட்டை எத்தனை மணிக்குள் வைத்தால் கையெழுத்தாகும், இதெல்லாம் எந்த நோட்டீஸ் போர்டிலும் கிடையாது. அண்ணனோ அக்காவோ முன்னே படித்திருந்தால் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். விழாதவர்கள் இரண்டு தடவை திட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்வோம். நான் வாங்கியிருக்கிறேன்.

அதனால் சுருக்கம் வேறு, எளிமை வேறு என்று எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். விதி எல்லாம் வெளியே எழுதியிருக்க வேண்டும், எழுதியிருப்பதை யாரும் சரிபார்க்க முடிய வேண்டும், அப்போதுதான் எளிமை. இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மற்ற விளையாட்டுகளையும் பார்த்தேன்.

எதையும் விடாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இது பொம்மை வைத்து ஆடுவதல்ல, அட்டைச் சில்லுகளை நகர்த்துவது. 1979இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா'. இரண்டாம் உலகப்போரின் பாலைவனச் சண்டை. 10 பேர் சேர்ந்து ஆட வேண்டியது, முடிக்கச் சுமார் 1,500 மணி நேரம் ஆகும் என்பார்கள். நம் ஒரு செமஸ்டரின் வகுப்பு நேரத்தையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது! இத்தாலியச் சிப்பாய்களுக்குப் பாஸ்தா வேகவைக்கத் தண்ணீர் கூடுதலாகத் தர வேண்டும் என்றுகூட அதில் ஒரு விதி உண்டு. எல்லாம் எழுதியிருக்கிறது, ஒன்றும் மறைவில்லை. ஆனால் சரிபார்ப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும்.

இந்தப் பக்கம், இங்கிலாந்தில் ஃபில் பார்க்கர் என்பவரின் கதை. பழங்காலப் படைகளுக்கு அவர் குழு 1969 முதல் விதி எழுதியது. பதிப்புக்குப் பதிப்பு விதி நுணுக்கமாகிக்கொண்டே போனது. அதே மனிதர் 1990இல் ரிச்சர்ட் போட்லி ஸ்காட்டுடன் சேர்ந்து 'டி.பி.ஏ.' என்று ஒன்று கொண்டுவந்தார். ஒரு பக்கத்துக்கு 12 படைத்துண்டுகள் மட்டும். அதில் 4 போனால் கிட்டத்தட்ட ஆட்டம் முடிந்தது. அந்த விதிகளுக்கான படைப் பட்டியலில் நம் தமிழர் படையும் உண்டு என்பது கூடுதல் சந்தோஷம்.

அதில் ஒரு பகடை விதி இருக்கிறது. முறை ஆரம்பத்தில் ஒரு பகடை உருட்ட வேண்டும். 3 விழுந்தால் 3 நகர்வுதான். ஆனால் வரிசையாக ஒட்டி நிற்கும் துண்டுகளைச் சேர்த்து நகர்த்தினால் அது ஒரே நகர்வாகக் கணக்கு. இதனால் என்ன ஆகிறது? யாரும் சொல்லாமலே நீங்கள் படையை வரிசை கலையாமல் வைத்துக்கொள்வீர்கள். ஆளுக்கொரு திசையில் சிதறினால், 1 விழுகிற அன்றைக்குக் கதை முடிந்தது. 'படை ஒழுங்கு' என்று இரண்டு அத்தியாயம் எழுத வேண்டியதை ஒரு பகடை செய்துவிடுகிறது. என்னைக் கேட்டால் நல்ல டிசைன் என்பது இதுதான்.

சுருக்கம் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். 1983இல் வந்த 'வார்ஹேமர்' இந்தப் பொம்மை உலகத்தில் ரொம்பப் பிரபலம். பூதம், டிராகன் எல்லாம் வரும் கற்பனைப் போர். அதன் விதிப் புத்தகம் 500 பக்கத்தைத் தாண்டிவிட்டது. 2015இல் அதை நிறுத்திவிட்டு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்று புது ஆட்டம் விட்டார்கள். பொது விதிகள் வெறும் 4 பக்கம், அதுவும் இலவசம். எல்லாரும் கொண்டாட வேண்டியதுதானே? இல்லை. இந்தப் படைக்கு இத்தனை புள்ளி என்ற மதிப்பே அதில் இல்லை. உன் படையும் என் படையும் சமமா என்பதை ஆடுகிறவர்கள் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழம்பெருச்சாளிகளுக்கு எது சமம் என்று கண்ணால் பார்த்தாலே தெரியும், புதியவனுக்குத் தெரியாது. திரும்பவும் அதே மண்டைக்குள் இருக்கும் விதி! பலரும் குறை சொன்னார்கள். 2016இல் தனிப் புத்தகம் போட்டுப் புள்ளிகளைத் திரும்பக் கொடுத்தார்கள். வெர்டியின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு அரைகுறையாக நம்பியதை, இதைப் படித்த பிறகு முழுசாக நம்பினேன்.

சரி, நான் விளையாடியதற்கு வருகிறேன். அதே சீனியர் அக்காதான் இன்னொரு புத்தகம் காட்டினார். நீல் தாமஸ் எழுதிய 'ஒன் ஹவர் வார்கேம்ஸ்', 2014இல் வந்தது. 3 அடிக்கு 3 அடி களம், ஒரு பக்கத்துக்கு 6 படைப்பிரிவு, 15 முறையில் ஆட்டம் முடிவு. பழங்காலத்திலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை 9 காலகட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் விதி சில பக்கம்தான். நான் எடுத்துக்கொண்டது குதிரையும் மஸ்கட் துப்பாக்கியும் இருந்த காலம். அதன் சாரம் இவ்வளவுதான். காலாள் 6 அங்குலம் நகரும், குதிரை 12. ஒரு முறையில் நகரலாம் அல்லது சுடலாம். காலாள் 12 அங்குலம் வரை சுடும், ஒரு பகடை உருட்டினால் விழுந்த எண்ணிக்கைதான் எதிரிக்கு அடி. பீரங்கி 48 அங்குலம் சுடும், ஆனால் விழுந்ததில் 2 கழிக்க வேண்டும். ஊருக்குள் இருப்பவனுக்கு அடி பாதி. 15 அடி சேர்ந்தால் அந்தப் பிரிவு காலி.

விதி இவ்வளவு திறந்து கிடப்பதால் ஆட்டத்துக்கு முன்பே பேப்பரில் கணக்குப் போட முடிகிறது. ஒரு பகடையின் சராசரி 3.5. ஆகவே காலாள் ஒரு பிரிவை ஒழிக்க 15ஐ 3.5ஆல் வகுத்தால் 4.3 முறை, நடைமுறையில் ஐந்து. பீரங்கிக்கு 2 கழித்தால் விழக்கூடியவை 0, 0, 1, 2, 3, 4. கூட்டினால் 10, ஆறால் வகுத்தால் 1.67. அதாவது 9 முறை. இப்போது ஒரு காலாட்படை 36 அங்குலம் தள்ளி நிற்கும் பீரங்கியை நோக்கிப் போகிறது என்று வையுங்கள். 12 அங்குலத்துக்குள் வர 24 அங்குலம் நடக்க வேண்டும், 4 முறை. அதற்குள் சுமார் 7 அடி வாங்கியிருக்கும். மீதி தாங்கக்கூடியது 8. அந்த 8ஐக் கொடுக்கப் பீரங்கிக்கு இன்னும் 5 முறை வேண்டும், காலாளுக்குப் பீரங்கியை ஒழிக்கவும் கிட்டத்தட்ட 5 முறை வேண்டும். நூலிழையில் நிற்கிறது! வழியில் ஓர் ஊர் இருந்து அதன் வழியாகப் போனால் காலாள் ஜெயிக்கும். இல்லையென்றால் தலைவிதி. எந்த வழியாகப் போவது என்பதுதான் இங்கே நிஜமான கேள்வி. தடிப் புத்தகத்தில் இதே கேள்வி அட்டவணைகளுக்கு அடியில் புதைந்திருக்கும்.

தீபாவளி லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பொம்மை விளையாட்டுக்கெல்லாம் திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனைக்கு எத்தன வேணும் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். 4 அங்குலத்துக்கு 2 அங்குலமாக 12 துண்டு, மீதமான பிளைவுட்டில் அறுத்துக்கொடுத்தார். திருவிழாக் கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்களை அதன் மேல் ஒட்டி, ஆறு துண்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்தேன். மொட்டை மாடியில் சாக்பீஸால் 3 அடிச் சதுரம் போட்டோம். கவிழ்த்த கொட்டாங்கச்சி குன்று, தீப்பெட்டிகள் ஊர்.

விதியை ஒரு தாளில் தமிழில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாங்ப்பா."

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேனே! அப்பா தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒருமுறை தானே படித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "பதினாலு அடி வாங்கினவனும் ஒண்ணும் வாங்காதவனும் ஒரே மாதிரியாச் சுடுவான்? கை கால் போயிருக்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விதிகளில் பெரிய ஓட்டை அதுதான். அடி வாங்க வாங்கப் படையின் பலம் குறைவதே இல்லை, பதினைந்தாவது அடியில் திடீரென்று காணாமல் போகும். சீனியர் அக்காவும் நானும் இரண்டு வாரம் ஆடிய பிறகுதான் அதைக் கவனித்தோம். அப்பா ஒரே ஆட்டத்தில் பிடித்துவிட்டார். ஒரு பக்கத்தில் எல்லாம் கண்முன்னே இருந்ததால்தான் அவரால் பிடிக்க முடிந்தது. அந்தச் செங்கல் புத்தகத்தில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அவருக்கோ எனக்கோ தெரிந்திருக்காது. அதைக் குறைக்கிற மாதிரி விதி சேர்த்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு வகுத்தல் வரும், ஆட்டம் இழுக்கும், அதனால் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். "சரி, தெரிஞ்சேதான் விட்டிருக்காங்க" என்று ஒத்துக்கொண்டார். சென்ட்ரிங்கில் எந்த முட்டுக்கட்டையை எப்போது எடுக்கலாம் என்று தெரிந்தவருக்கு அது புரியாமல் போகுமா!

இரண்டாவது ஆட்டம். நான் ஒவ்வொரு தடவையும் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, 12 அங்குலத்துக்குள் இருந்தால் சுடுவேன், இல்லாவிட்டால் நகர்வேன். புத்தக விதியில் இதற்குத் தடையில்லை. அப்பா டேப்பைத் தொடவே இல்லை. கண்ணால் பார்த்து, "பதிமூணு இருக்கும், வேண்டாம்" என்பார். அளந்தால் பதின்மூன்று. இருபது வருடம் அடி, அங்குலம், நூல் என்று பார்த்த கண். என் குதிரைப்படைக்கு ஓர் அங்குலம் எட்டாத தூரத்தில் தன் படையை நிறுத்தி, நான் நெருங்கி வந்ததும் சுட்டார். பத்தாவது முறையில் என்னிடம் மிஞ்சியது ஒரு பீரங்கி மட்டும். அம்மா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போனார்.

இப்போதும் சில விஷயங்களில் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த விதிகளால் ஒரு குறிப்பிட்ட சரித்திரப் போரை அப்படியே நடத்திப் பார்க்க முடியாது. எல்லாக் காலாளும் ஒன்று, எல்லாக் குதிரையும் ஒன்று. தளபதியே இல்லை. பசி, மழை, பயம் இல்லை. இருபது ஆட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் சலிக்கவும் செய்கிறது, அப்போது டி.பி.ஏ.யின் நகர்வுப் பகடையைக் கடன் வாங்கி இதில் சேர்த்து ஆடுகிறோம். ஒன்றைச் சேர்த்ததும் ஆட்டம் எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் மாடியில் ஆறு பேர் ஆடுகிறோம், அதில் இரண்டு பேர் முதலாமாண்டு. வந்து பார்க்க யாருக்கும் தடையில்லை. பகடை மட்டும் கொண்டுவாருங்கள், எங்களுடையதில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

பொங்கலுக்குப் போனபோது வீட்டில் விதித் தாளைக் காணோம். தம்பியைக் கேட்டால், அப்பா சைட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார் என்றான். சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்திருந்தது, மடிப்பில் சிமெண்டுக் கறை. டீ நேரத்தில் கம்பி கட்டுகிறவரோடு ஆற்று மணல் குவியல் மேல் இரண்டு ஆட்டம் ஆடினாராம், ஓட்டுச் சில்லு வைத்து. என் எழுத்துக்குக் கீழே, கடைசியில், மரத்தில் கோடு போடுகிற தட்டைப் பென்சிலால் பெரிய பெரிய எழுத்தில் ஒரு விதி புதிதாகச் சேர்ந்திருந்தது:

'டேப்பு வைக்கறதுக்கு முன்னாடி எத்தன அங்குலம்னு வாயால சொல்லணும்.'